மெட்ரிக் கைநழுவினால் கல்லூரிக்கு எது வழி? தென்னாப்பிரிக்காவின் மாற்றுக் கல்வித் திட்டங்கள்

ஒவ்வோர் ஆண்டும் பொங்கலை ஒட்டித் தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கின் முடிவு வெளியாகிறது. அமைச்சர் தொலைக்காட்சியில் தேசியத் தேர்ச்சி விழுக்காட்டை அறிவிப்பார். மறுநாள் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியா எங்கும் ஒரே கேள்விதான்: "பாஸா, பெயிலா?" பிள்ளை அடுத்து எங்கே போக முடியும் என்பதை அந்தக் கேள்விக்கான விடை சொல்வதில்லை. பாஸானவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்கான இடம் கிடைக்காது. பெயிலானவர்களில் பலர் இரண்டே பாடங்களை மீண்டும் எழுதினால் போதும். ஆனால் அது தெரியாமல் ஓராண்டையும் கைப்பணத்தையும் இழக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்போடு நின்றவருக்கு வேறு விதி, இருபத்தொரு வயதைக் கடந்தவருக்கு இன்னொரு விதி.

இந்த விதிகளை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

87.3 எதைச் சொல்லவில்லை?

2024ஆம் ஆண்டு அரசுத் தேர்வில் தேர்ச்சி 87.3 விழுக்காடு. பட்டப் படிப்புக்குத் தகுதி பெற்றவர்கள் 47.8 விழுக்காடு. இரண்டு எண்களுக்கும் நடுவில் ஏறக்குறைய 40 விழுக்காடு இருக்கிறது. தேர்வு எழுதிய நூறு பேரில் கிட்டத்தட்ட நாற்பது பேர் தேர்ச்சி பெற்றும் நேரடியாகப் பட்டப் படிப்பில் சேர முடியாதவர்கள். செய்தித்தாளின் பெரிய எழுத்துத் தலைப்பில் இவர்களுக்கு இடமில்லை.

தேர்வு அறைக்கே வராதவர்கள் இன்னொரு கூட்டம். தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுதியவர்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களின் எண்ணிக்கை இதைவிடப் பல லட்சம் அதிகம். ஒரே வகுப்பில் இரண்டாம் முறை உட்காருபவர்களைக் கழித்தாலும் இடைவெளி பெரிதாகவே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி கட்டாயக் கல்வி 15 வயதோடு அல்லது ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நிற்கும் பிள்ளையைத் தேடிச் சட்டம் வராது.

மாற்றுக் கல்வித் திட்டங்கள் இந்த இரண்டு கூட்டத்துக்கும் உரியவை. ஆனால் ஒரே திட்டம் இருவருக்கும் பொருந்தாது. குழப்பத்தில் பாதி இதைப் பிரித்துப் பார்க்காததால் வருவதே.

முதலில் தெரிய வேண்டிய சொற்கள்

1. தகுதிநிலை ஏணி. நாட்டின் எல்லாச் சான்றிதழ்களும் பத்துப் படிகளில் அடுக்கப்பட்டுள்ளன. ஒன்பதாம் வகுப்பு முதல் படி. மெட்ரிக் நான்காம் படி. ஹையர் சர்டிபிகேட் என்ற ஓராண்டுப் படிப்பு ஐந்து, டிப்ளமோ ஆறு, இளங்கலைப் பட்டம் ஏழு, முனைவர் பட்டம் பத்து. எந்தப் படிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் "இது எத்தனையாவது படி?" என்று கேட்டால் பாதி விளம்பரங்கள் வெளுத்துவிடும்.

2. நேஷனல் சீனியர் சர்டிபிகேட். மெட்ரிக் என்று நாம் சொல்வதன் முழுப்பெயர். 2008 முதல் இந்த வடிவம். ஏழு பாடங்கள்: இரண்டு மொழிகள், கணிதம் அல்லது மேத்தமெட்டிக்கல் லிட்டரசி (அன்றாடக் கணக்கு), லைஃப் ஓரியண்டேஷன் (வாழ்க்கைத் திறன் பாடம்), விருப்பப் பாடங்கள் மூன்று. பெரும்பாலான பாடங்களில் 25 விழுக்காடு பள்ளியிலேயே ஆண்டு முழுவதும் போடப்படும் மதிப்பெண். மீதி 75 இறுதித் தேர்வு.

3. உமாலுசி. மெட்ரிக் தேர்வின் தரத்தைச் சரிபார்த்துச் சான்றிதழ் வழங்கும் குழு. தேர்வை நடத்துவது அரசுக் கல்வித் துறையானாலும் தனியார் தேர்வு அமைப்பானாலும், கடைசியில் தாளில் இருக்க வேண்டிய பெயர் உமாலுசி.

4. மூன்று வகைத் தேர்ச்சி. வீட்டு மொழிப் பாடத்தில் 40 விழுக்காடு, இன்னும் இரண்டு பாடங்களில் 40, வேறு மூன்றில் 30 எடுத்தால் மெட்ரிக் கையில் வந்துவிடும். அது ஹையர் சர்டிபிகேட் படிப்புக்குப் போதும். நான்கு முக்கியப் பாடங்களில் 40 இருந்தால் டிப்ளமோ தகுதி. நான்கில் 50 இருந்தால் பட்டப் படிப்புத் தகுதி. இந்த நான்கில் லைஃப் ஓரியண்டேஷன் சேராது. அதில் 90 எடுத்துவிட்டு மகிழ்பவர்கள் கவனிக்க.

"முப்பது எடுத்தால் பாஸ்" என்ற பேச்சு ஆண்டுதோறும் கிளம்புகிறது. மூன்று பாடங்களுக்கு அது உண்மை. முழுச் சான்றிதழுக்கு அல்ல.

நம் குடும்பங்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, போற்றி வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பள்ளியில் தமிழை மொழிப் பாடமாக எடுக்கலாம். ஆனால் தேர்ச்சிக்கு வேண்டிய அந்த வீட்டு மொழி, ஆட்சி மொழிகள் பன்னிரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது ஆங்கிலம். தமிழில் எவ்வளவு வாங்கினாலும் ஆங்கிலத்தில் 40 எட்டாவிட்டால் சான்றிதழ் இல்லை.

ஒரு முடிவுத்தாளைப் பிரித்துப் படிப்போம்

கற்பனையான ஒரு தாள்: ஆங்கிலம் 58, ஆப்பிரிக்கான்ஸ் 44, கணிதம் 34, லைஃப் ஓரியண்டேஷன் 71, இயற்பியல் அறிவியல் 31, உயிரியல் 52, பிசினஸ் ஸ்டடீஸ் 47.

வீட்டில் இதைப் பார்ப்பவர் கணிதத்தையும் இயற்பியலையும் கண்டு தலையில் கை வைப்பார். தாளை நிதானமாகப் படியுங்கள். லைஃப் ஓரியண்டேஷனை ஒதுக்கிவிட்டால் 40ஐத் தாண்டியவை நான்கு: ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், உயிரியல், பிசினஸ் ஸ்டடீஸ். ஆக இது டிப்ளமோ தகுதி. பட்டத் தகுதிக்கு 50 தாண்டியவை நான்கு வேண்டும், இரண்டு இருக்கின்றன. பிசினஸ் ஸ்டடீஸில் மூன்று மதிப்பெண், ஆப்பிரிக்கான்ஸில் ஆறு மதிப்பெண் கூடினால் கதை முடிந்தது. கணிதத்தைத் தொடவே வேண்டாம்.

இந்த மாணவருக்குச் சுற்றம் தரும் அறிவுரை பெரும்பாலும் என்னவாக இருக்கும்? "கணக்கில்தான் கோட்டை விட்டான், அதற்கு ட்யூஷன் வை." ஆறு மாதம் பணம் செலவாகி 34 என்பது 42 ஆகும். தகுதி அப்படியே டிப்ளமோவில் நிற்கும்.

மறுபக்கமும் உண்டு. அதே மாணவர் பொறியியல் படிக்க விரும்பினால் மேற்சொன்ன கணக்கு பயன்படாது. பட்டத் தகுதி என்பது சட்டம் விதிக்கும் குறைந்த அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு துறையும் கணிதம் இவ்வளவு, இயற்பியல் இவ்வளவு என்று தன் நிபந்தனையைப் போடும். மதிப்பெண்களைப் புள்ளிகளாக மாற்றிக் கூட்டும் மொத்தப் புள்ளிக் கணக்கும் பார்க்கும். எனவே எந்தப் பாடத்தை மீண்டும் எழுதுவது என்று முடிவு செய்யும் முன், எந்தப் படிப்பு என்பது முடிவாக வேண்டும். வரிசையை மாற்றினால் உழைப்பு வீண்.

மீண்டும் எழுதுபவர்கள்: செகண்ட் சான்ஸ்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு விழுந்தவர்களுக்கும், தேர்ச்சி பெற்றும் தகுதியை உயர்த்த விரும்புபவர்களுக்கும் உரியது அடிப்படைக் கல்வித் துறையின் செகண்ட் சான்ஸ் மெட்ரிக் திட்டம். 2016இல் தொடங்கியது, இலவசம். சில மையங்களில் நேரடி வகுப்பு, அச்சிட்ட பாட உதவி நூல்கள், இணையத்தில் பாடங்களும் பழைய வினாத்தாள்களும் கிடைக்கின்றன.

இதில் மூன்று செய்திகள் முக்கியம்.

1. முழு ஆண்டையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. வேண்டிய பாடங்களை மட்டும் எழுதலாம். மே–ஜூன் மாதங்களில் ஒரு தேர்வு, அக்டோபர்–நவம்பரில் ஒரு தேர்வு. பிப்ரவரி–மார்ச்சில் முன்பு நடந்த துணைத் தேர்வு இப்போது இல்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ நடந்ததை வைத்து நாள் கணக்குப் போட வேண்டாம்.

2. ஒவ்வொரு பாடத்திலும் வெவ்வேறு முறை எழுதியவற்றில் சிறந்த மதிப்பெண்களைச் சேர்த்து ஒரே சான்றிதழாகப் பெறலாம். இந்த இணைப்பு தானாக நடக்காது என்று வைத்துக்கொண்டு கல்வித் துறையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுப்பதே பாதுகாப்பு. இரண்டு முடிவுத்தாள்களை ஒன்றாகக் குத்திக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் நீட்டினால் வேலை நடக்காது.

3. மே–ஜூன் தேர்வுக்கான பதிவு வழக்கமாகப் பிப்ரவரித் தொடக்கத்திலேயே மூடப்படுகிறது. முடிவு வருவது ஜனவரி நடுவில். கைவசம் இருப்பது சில வாரங்கள்தான். தைப்பூசக் காவடி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் பல ஆண்டுகளில் தேதி போய்விடும்.

இத்திட்டத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பள்ளியில் மணி அடிக்கும், ஆசிரியர் அதட்டுவார், பக்கத்து இருக்கையில் நண்பன் இருப்பான். மீண்டும் எழுதுபவருக்கு அந்தக் கட்டுக்கோப்பு கிடையாது. பாடப் பொருள் இலவசமாகக் கிடைப்பதால் மட்டும் படிப்பு நடந்துவிடாது. நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ நான்கு பேர் வாரந்தோறும் குறித்த நேரத்தில் கூடிப் படித்தால், தனியே கைப்பேசியில் பாடம் பார்ப்பதைவிட அது நிச்சயம் மேல் என்பது என் கருத்து.

இருபத்தொரு வயதுக்கு மேல்

பத்தாம், பதினொன்றாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போய்விட்டவர் என்ன செய்வது? அவருக்கு அமெண்டட் சீனியர் சர்டிபிகேட் என்ற பெரியவர்களுக்கான சான்றிதழ். வயது 21 நிறைந்திருக்க வேண்டும்; ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையோ பழைய ஸ்டாண்டர்ட் செவனோ அதற்கு நிகரான முதியோர் கல்விச் சான்றோ வேண்டும். ஆறு பாடங்கள். பாடத்திட்டமும் வினாத்தாளும் மெட்ரிக்கினுடையவையே. பள்ளியில் போடும் மதிப்பெண் இல்லாததால் எழுதும் தேர்வின் மதிப்பெண்ணே முடிவு. லைஃப் ஓரியண்டேஷன் இல்லை. ஆறையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம்; சில தேர்வுகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆறையும் ஒன்றாகப் போட்டு, வேலையும் பார்த்துக்கொண்டு, இரண்டாம் மாதத்தில் கைவிடுபவர்கள் நிறைய. முதலில் இரண்டு பாடம் என்று தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ஒன்பதாம் வகுப்புச் சான்றும் இல்லாதவர் சமுதாயக் கல்லூரியில் தொடங்கலாம். 2015இல் பழைய முதியோர் கல்வி மையங்களையெல்லாம் சேர்த்து மாகாணத்துக்கு ஒன்றாக ஒன்பது கல்லூரிகள் அமைக்கப்பட்டன. பெயர் கல்லூரி என்றாலும் வகுப்பு நடப்பது பெரும்பாலும் நம் வட்டாரப் பள்ளிக் கட்டடங்களில்தான். அங்கே நான்காம் நிலையை முடித்தால் அது ஒன்பதாம் வகுப்புக்கு, அதாவது ஏணியின் முதல் படிக்குச் சமம்.

மாலை வகுப்பில் படித்து மேலே வருவது டர்பன் இந்தியர்களுக்குப் புதிதல்ல. பகல் பள்ளியில் இடம் கிடைக்காத காலத்தில் வேலை முடித்துவிட்டு வந்து படித்தவர்களுக்காக வளர்ந்த நிறுவனம் எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி. தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து, பின்னாளில் வசதி பெற்ற ஒருவரின் நன்கொடையில் 1946இல் உருவானது அது. 2002இல் டெக்னிகான் நேட்டாலோடு இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

நடுவில் சிக்கியவர்கள்: 16 முதல் 20 வரை

விதிகளில் உள்ள ஓட்டை இங்கேதான். பதினொன்றாம் வகுப்பில் நின்ற 18 வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதவே இல்லை. ஆகவே மீண்டும் எழுதுவது என்ற பேச்சுக்கு இடமில்லை. 21 ஆகவில்லை, ஆகவே பெரியவர்களுக்கான சான்றிதழும் இல்லை. வயது கூடிய மாணவரைத் திரும்பச் சேர்க்கப் பள்ளி தயங்கும். அஞ்சல்வழி மெட்ரிக் நடத்தும் தனியார் நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பணம் வேண்டும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல மூன்று ஆண்டுகள் போய்விடுகின்றன.

அரசு தரும் பதில் டிவெட் கல்லூரி, அதாவது தொழிற்கல்விக் கல்லூரி. நாட்டில் ஐம்பது அரசு டிவெட் கல்லூரிகள் உள்ளன. டர்பன் வட்டாரத்தில் தெக்வினி, கோஸ்டல், எலங்கேனி மூன்றும் பல வளாகங்களுடன் இயங்குகின்றன. அங்கே நேஷனல் சர்டிபிகேட் வொகேஷனல் என்ற தொழிற்கல்விப் படிப்பு 2007 முதல் நடக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இரண்டு, மூன்று, நான்கு என மூன்று நிலைகள், நிலைக்கு ஓராண்டு. மொழி, கணிதம், லைஃப் ஓரியண்டேஷன் ஆகிய மூன்றோடு தொழிற்பாடங்கள் நான்கு. நான்காம் நிலை முடித்தால் மெட்ரிக்கோடு ஒரே படியில் நிற்கலாம்.

ஒரே படி என்றாலும் வழி ஒன்றாக இல்லை. பட்டப் படிப்புக்குத் தகுதி பெற மெட்ரிக் மாணவருக்கு நான்கு பாடங்களில் 50 போதும். தொழிற்கல்வி மாணவர் அடிப்படைப் பாடங்கள் மூன்றில் 60, தொழிற்பாடங்கள் நான்கில் 70 எடுக்க வேண்டும். பாடத்திட்டம் வேறு என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனாலும் ஏற்கெனவே பள்ளியில் இடறி விழுந்த ஒருவருக்கு உயரமான தடையை வைப்பது எந்த நியாயமோ! பல்கலைக்கழகம்தான் குறி என்றால் இதை முதல் நாளே தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். வேலைதான் குறி என்றால் இந்த எண்களால் கவலையில்லை.

யாருக்கு இது பொருந்தும்? ஒன்பதாம், பத்தாம் வகுப்போடு நின்றவருக்கு நன்றாகப் பொருந்தும்; பள்ளியில் செலவாகும் காலத்துக்கு அதிகம் ஆகாது. மெட்ரிக் எழுதிவிட்டு இரண்டு பாடத்தில் விழுந்தவர் இங்கே இரண்டாம் நிலையில் சேருவது பெரும் வீண். மூன்று ஆண்டுகள் படித்து, ஏற்கெனவே எட்டும் தூரத்தில் இருந்த அதே படிக்குத்தான் வந்து சேருவார். பிள்ளை சும்மா இருக்கக் கூடாதே என்ற பதற்றத்தில் பல வீடுகளில் நடப்பது இதுதான்.

மெட்ரிக் கையில் இருந்தால் அதே டிவெட் கல்லூரியில் என்ஃபோர் முதல் என்சிக்ஸ் வரை (N4–N6) என்ற நிலைகளில் பதினெட்டு மாத வகுப்பு. வணிகப் பிரிவுகளில் அதோடு பதினெட்டு மாதப் பணி அனுபவம் சேர்ந்தால்தான் டிப்ளமோ தருவார்கள். அந்தப் பணியிடத்தைத் தேடிக்கொள்ளும் பாடு பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழுகிறது. வகுப்பை முடித்துவிட்டு டிப்ளமோ இல்லாமல் காத்திருப்பவர்கள் உண்டு. சேரும்போதே கல்லூரி அதற்கு என்ன ஏற்பாடு செய்கிறது என்று கேளுங்கள். என்ஒன் முதல் என்த்ரீ வரையிலான பழைய படிப்புகள் படிப்படியாக நிறுத்தப்பட்டு, தொழில்சார் சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன.

பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துக் கைத்தொழில் தெரிந்தும் தாள் இல்லாதவர்களுக்கு, அந்த அனுபவத்தையே தகுதியாக மதிப்பிட்டு ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில்திறன் தேர்வை எழுத அனுமதிக்கும் முறை இருக்கிறது. வெற்றி பெற்றால் முழுத் தகுதியுள்ள தொழிலாளி. பல்கலைக்கழகத்துக்கு அது தனியாக உதவாது.

பல்கலைக்கழகத்தின் பக்கமிருந்து

மெட்ரிக்கை உயர்த்தாமலே உள்ளே போகும் வழிகளும் உண்டு. ஹையர் சர்டிபிகேட் ஓராண்டுப் படிப்பு. ஏணியில் ஐந்தாம் படி. தொலைக்கல்விப் பல்கலைக்கழகமான யுனிசாவிலும் வேறு சில இடங்களிலும் இருக்கிறது. முடித்தபின் டிப்ளமோவுக்கோ பட்டத்துக்கோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம் என்றுதான் சொன்னேன். இடம் உறுதி என்று அல்ல. எந்த ஹையர் சர்டிபிகேட் எந்தப் பட்டத்துக்குச் செல்லும் என்பதைச் சேரும் முன்பே அந்தத் துறையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுப் பட்டத்தை நான்கு ஆண்டுகளாக நீட்டி, முதலில் அடித்தளப் பாடங்கள் நடத்தும் விரிவுபடுத்திய திட்டங்களும் பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. சற்றே குறைந்த புள்ளி உள்ளவர்களை இதில் எடுப்பார்கள். ஓராண்டு கூடுதல் என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. முதலாண்டில் விழுந்து வெளியேறுவதைவிட இது மலிவு.

வயதில் மூத்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. 45 வயதைக் கடந்தவர் மெட்ரிக் இல்லாமலே, முதிர் வயது விலக்குப் பெற்று நிபந்தனையோடு சேர முடியும். ஏற்றுக்கொள்வது அந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு.

பணம்

தேசிய மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ், ஆண்டுக் குடும்ப வருமானம் 3,50,000 ராண்டுக்கு உட்பட்டவர்களுக்கு உதவுகிறது. மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 6,00,000. 2018 முதல் இது கடனாக இல்லாமல் உதவித்தொகையாகவே கிடைக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு டிவெட் கல்லூரிகளுக்கும் மட்டுமே இது செல்லும். மலிவு என்று விளம்பரம் செய்யும் தனியார் கல்லூரியில் சேர்ந்த அன்றே இந்த உதவி கையைவிட்டுப் போகிறது. கட்டணத்தை ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பாருங்கள்.

டர்பன் நகர மையத்தில் மாடிப்படி ஏறிப் போகும் கல்லூரிகள் ஏராளம்; நல்லவையும் இருக்கின்றன, ஜனவரியில் முளைத்து ஜூனில் மறைபவையும் இருக்கின்றன. பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. மெட்ரிக் நடத்துகிறோம் என்றால், தேர்வை நடத்தும் அமைப்பு எது? அரசுக் கல்வித் துறை, தனியார் தேர்வு அமைப்புகளான ஐஇபி, சக்காய் போல உமாலுசி ஏற்ற அமைப்பின் பெயர் வர வேண்டும். "எங்கள் சொந்தச் சான்றிதழ்" என்றால் எழுந்து வந்துவிடலாம்.

2. தொழிற்படிப்பு என்றால், நிறுவனத்தின் பெயருக்கு மட்டுமல்ல, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கே பதிவு இருக்கிறதா? பதிவு எண்ணை வாங்கி, தேசியத் தகுதி ஆணையமான சாக்காவின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள்.

3. ஜிஇடி என்ற அமெரிக்கச் சான்றிதழைச் சில மாதங்களில் முடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. தென்னாப்பிரிக்காவில் அது மெட்ரிக்குக்கு நிகராகத் தானாக ஏற்கப்படுவதில்லை. நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகம் எழுத்தில் சம்மதிக்கும்வரை ஒரு ராண்டும் கட்ட வேண்டாம்.

குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் டர்பனில் உள்ள மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகவே போகிறது. அதுவும் முந்தைய ஆண்டிலேயே. மே–ஜூன் தேர்வு எழுதுபவர் முடிவுக்காகக் காத்திராமல், கையில் இருக்கும் பழைய மதிப்பெண்ணோடு விண்ணப்பித்துவிட்டு, புதிய முடிவு வந்ததும் அதை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.